மூன்றாம் நாள் அவிழ்த்த பூ

கடம்பத்தூர்,
6.2.2025

அன்புள்ள கிறிஸ்டினாவுக்கு,

அண்ணி ஷைனி எழுதுவது. ஸ்தோத்திரம். நீயும் பிள்ளையும், அத்தையும், உன் அண்ணனும் சுகமாக இருக்கக் காலையும் மாலையும் ஜெபிக்கிறேன். நான் இங்கே அம்மா வீட்டில் சுகம்தான். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறேன், படுக்கச் சொன்னால் படுக்கிறேன்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிக்காதே. என் போனைத் தம்பி இம்மானுவேல் பிடுங்கி வைத்துக்கொண்டான். உன் பிள்ளையின் வீடியோவையே நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறேனாம். "அக்கா, அது உன் புள்ள இல்ல, கிறிஸ்டினா புள்ள. எத்தினி வாட்டி சொல்றது?" என்று கேட்கிறான். எனக்குத் தெரியாதா என்ன. ஒரே வாரத்தில், ஒரே ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவம். என்னுடையவன் எட்டாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்து ஒரு நாள் இருந்துவிட்டுப் போனான். அவன் போன அன்றே நீ முழு மாதத்துப் பிள்ளையைப் பெற்றாய். இதில் குழம்ப ஒன்றுமில்லை.

பிள்ளை புட்டிப்பாலுக்குப் பழகிவிட்டானா? இடது பக்கம் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான், வலது பக்கம்தான் பிடிக்கும். குடித்து முடித்ததும் ஒரு பெருமூச்சு விடுவான், சம்பளம் வாங்கியவன் மாதிரி. அதன் பிறகுதான் ஏப்பம் எடுக்க வேண்டும்.

ஈஸ்டர் அன்று ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்தார்கள். தேதியை எழுது, நான் வர வேண்டும். எழுபத்தாறு நாள் பால் கொடுத்தவளுக்குக் கடைசி பெஞ்சிலாவது ஓர் இடம் இருக்கும். என்ன பேர் வைக்கப் போகிறீர்கள் என்பதையும் எழுது.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அண்ணி,
ஷைனி


கும்மிடிப்பூண்டி,
20.2.2025

பிரியமான அண்ணிக்கு,

கிறிஸ்டினாவின் ஸ்தோத்திரங்கள். உங்கள் கடிதம் கண்டு மிகவும் சந்தோஷம். நாங்கள் எல்லோரும் கர்த்தர் கிருபையால் சுகம். உங்கள் அம்மா சுகமா? இம்மானுவேலுக்குப் பெண் ஏதாவது அமைந்ததா?

குட்டி ஐந்தரைக் கிலோ இருக்கிறான். பதினான்காம் வாரத்துத் தடுப்பூசி போட்டோம், ஒரு நாள் ஜுரம் இருந்து போய்விட்டது. புட்டிப்பால் குடிக்கிறான். இங்கே இப்போதே வெயில் ஆரம்பித்துவிட்டது. கம்பெனிப் புகை வேறு, துணி காயப்போட்டால் கறுத்துவிடுகிறது. அண்ணனுக்கு இந்த வாரம் இரண்டாம் ஷிப்ட். என் வீட்டுக்காரர் காட்டுப்பள்ளியிலிருந்து வாரம் ஒருமுறைதான் வருகிறார், கப்பல் வேலை நெருக்குகிறதாம்.

ஞானஸ்நானம் பற்றி இன்னும் பேசவில்லை. பேரும் முடிவாகவில்லை. நீங்கள் உடம்பைத் தேற்றிக்கொண்டு மெதுவாக வந்தால் போதும், ஒன்றும் அவசரமில்லை என்று அம்மா சொல்லச் சொன்னார்கள்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்டினா


கடம்பத்தூர்,
1.3.2025

அன்புள்ள கிறிஸ்டினாவுக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் வந்தது. நாங்கள் சுகம், இம்மானுவேலுக்குப் பெண் அமையவில்லை, இங்கேயும் வெயில்தான். நீ கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். நான் கேட்டதற்குத்தான் உன் கடிதத்தில் தேட வேண்டியிருந்தது.

உடம்பைத் தேற்றச் சொல்கிறாய். பக்கத்து வீட்டில் ஒரு கைக்குழந்தை இருக்கிறது. அது அழுதால் எனக்கு ரவிக்கை நனைகிறது. ஒரு மாதமாக யாருக்கும் கொடுக்கவில்லை, ஆனாலும் சுரக்கிறது. அம்மா பார்த்துவிட்டு, மல்லிகைப்பூ வாங்கி வந்து கட்டட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று கத்திவிட்டேன். அம்மாவுக்கு ஏன் என்று தெரியாது. உனக்கும் தெரியாது, நீ அப்போது ஆபரேஷன் முடிந்து ஜுரத்தில் கிடந்தாய்.

என் பிள்ளையை எடுத்துப்போன அன்று சாயங்காலம் அத்தைதான் பூ வாங்கி வந்தார்கள். மழையில் மல்லி கிடைக்காமல் அலைந்து, ஈரத்தோடு கொண்டு வந்து என் மார்பில் வைத்துக் கட்டினார்கள். பால் வற்றிவிடும், வலிக்காது என்று தலையைத் தடவினார்கள். அந்த நேரத்தில் அத்தையை என் தாயாகவே நினைத்தேன். வார்டு முழுக்கப் பூ வாசனை. பிள்ளை பெற்றவர்களெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் காலையில் அதே அத்தை வந்து அந்தக் கட்டை அவிழ்த்தார்கள். "கிறிஸ்டினாவுக்கு பாலே எறங்கல. பவுடர் பாலு குடுத்தா புள்ள கக்குது. உனுக்கு கட்டிக்கினுதானே கெடக்குது, வீணாத்தான போவுது. குடும்மா" என்றார்கள். பூ முழுசாகக் காயக்கூட இல்லை. நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்ல யாரும் நேரம் கொடுக்கவில்லை, அதற்குள் பிள்ளை வாயை வைத்துவிட்டான்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. என் மகனுக்கு மாமாவின் பேரைத்தான், தானியேல் என்று, ஐந்தாம் மாதமே நினைத்து வைத்திருந்தோம். உன் அப்பா பேர் முதல் பேரனுக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டதே அத்தைதான். ஜனவரி மாதம் ஒரு நாள், பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, வாய் தவறி உன் பிள்ளையைத் தானியேல் என்று கூப்பிட்டுவிட்டேன். அத்தை கதவோரம் நின்றிருந்தார்கள். அடுத்த வாரம் என் பையைக் கட்டிவிட்டார்கள். "கொஞ்ச நாளு அம்மா ஊட்ல இருந்துட்டு வா" என்றார்கள்.

நான் செய்தது தப்புதான். அதற்காக ஞானஸ்நானத்துக்கு வராதே என்று சொல்லிவிடாதீர்கள். தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போகிறேன்.

ஷைனி


கும்மிடிப்பூண்டி,
9.4.2025

பிரியமான அண்ணிக்கு,

ஸ்தோத்திரம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். குட்டிக்குச் சளி, எனக்கு முதுகு வலி, அம்மாவுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது. ஒன்று மாற்றி ஒன்று.

குட்டி இப்போது குப்புற விழுகிறான். ஆள் அடையாளம் தெரிகிறது.

ஞானஸ்நானம் வைத்தால் எளிமையாக வைக்கலாம் என்று பேச்சு. தேதி தெரிந்ததும் எழுதுகிறேன். நீங்கள் எதையும் மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். உங்கள் அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். குட்டி கூப்பிடுகிறான், நிறுத்துகிறேன்.

கிறிஸ்டினா


கடம்பத்தூர்,
14.4.2025

கிறிஸ்டினாவுக்கு,

ஸ்தோத்திரம். சுகம். இதோடு ஒரு வெள்ளைச் சட்டை வைத்து அனுப்புகிறேன். அம்மாவின் மிஷினில் நானே தைத்தது. ஆறு கிலோ பிள்ளைக்கு அளவு பார்த்து வெட்டினேன். கழுத்து இறுகினால் உள்மடிப்பைப் பிரித்துவிடு. ஞானஸ்நானத்துக்குப் போடலாம்.

வருகிற ஞாயிறு ஈஸ்டர். நீ தேதி தெரியாது என்கிறாய், நானும் நம்புகிறேன்.

ஷைனி


கடம்பத்தூர்,
5.5.2025

கிறிஸ்டினாவுக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் வந்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு. பிளம்கேக் கொண்டு வந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஈஸ்டர் கேக் என்றார். ஈஸ்டர் போய்ப் பதினைந்து நாள் ஆகிறது. எந்தக் கேக் என்று கேட்டேன். செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். உன் அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது, அவருக்குத் தெரிந்ததெல்லாம் பேசாமல் இருப்பது ஒன்றுதான்.

ஞானஸ்நானம் ஆயிற்றா என்று கேட்டேன். ஆயிற்று என்றார். ஈஸ்டர் அன்றேதான். என்ன பேர் என்று கேட்டேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து, "அப்பா பேருதான்" என்றார்.

என் மகன் பேர் அது என்று சொன்னேன். "அம்மாதான் சொல்லிச்சி. அவனுக்கு ஞானஸ்நானம் ஆவல, அதுனால அந்தப் பேரு இன்னும் யாருக்கும் வெக்கலன்னுதான் கணக்காம். அப்பா பேரு வீணாப் போவக் கூடாதுன்னு. நான் இன்னா பண்ணட்டும் ஷைனி?" என்று கேட்டார்.

வீணாகப் போகக் கூடாது. பாலுக்கும் அதேதான் சொன்னார்கள். உன் அம்மா வீட்டில் எதுவும் வீணாகப் போகாது, சந்தோஷம்.

அந்தப் பேரை ஒருமுறை வாய் தவறிச் சொன்னதற்கு என்னை வீட்டைவிட்டு அனுப்பினீர்கள். இப்போது தெருவே அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடலாம். பிப்ரவரியிலிருந்து குட்டி, குட்டி என்று நீ எழுதியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் மக்கு.

அந்தச் சட்டையைப் போட்டாயா?

ஷைனி


கும்மிடிப்பூண்டி,
26.5.2025

அண்ணிக்கு,

ஸ்தோத்திரம். எத்தனையோ முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஒருமுறை சொன்னேன். பெரியவர்கள் பேசும்போது அதற்குமேல் என்ன சொல்ல முடியும்? அப்பா பேர் என்றதும் என் வீட்டுக்காரரும் சரி என்றார். உங்களைக் கூப்பிட்டால் சபையில் அழுது ஏதாவது ஆகிவிடும் என்று எல்லோருக்கும் பயம். உங்கள் நல்லதுக்குத்தான் சொல்லவில்லை. ஒரு நாள் பிள்ளைதானே அண்ணி, முகம்கூட சரியாகப் பார்த்திருக்க மாட்டீர்கள், சீக்கிரம் மறந்துவிடுவீர்கள், அடுத்த வருஷம் கர்த்தர் வேறொன்று கொடுப்பார் என்று அம்மா சொன்னார்கள்.

சட்டை கழுத்து இறுகியது. போடவில்லை.

கிறிஸ்டினா


கடம்பத்தூர்,
12.6.2025

கிறிஸ்டினாவுக்கு,

முகம் பார்க்கவில்லை என்று யார் சொன்னது? கண்ணாடிப் பெட்டிக்குள் கைபோட விட்டார்கள். என் சுண்டுவிரலைப் பிடித்தான். உன் அண்ணனுக்கு இருப்பது போலவே வலது காது மடங்கியிருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்கவுமில்லை.

இந்த மாதம் எனக்கு நன்றாக இல்லை. எதற்கு மறைக்க வேண்டும். ஒரு நாள் ஸ்டேஷனில் எக்ஸ்பிரஸ் வரும்போது பிளாட்பாரத்தின் ஓரத்துக்குப் போய்விட்டேன். எதற்காகப் போனேன் என்று கேட்டால் எனக்கே தெரியவில்லை. இம்மானுவேல் கையைப் பிடித்து இழுத்துவிட்டான். வீட்டுக்கு வந்து அவன்தான் அழுதான். மறுநாள் திருவள்ளூரில் மனநல டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனான். பைத்தியத்துக்குப் பார்க்கிறவர் என்று அம்மாவுக்குப் பயம். எனக்குப் பயமில்லை, யாராவது உட்கார்ந்து கேட்டால் போதும் என்றிருந்தது.

நான் உன் பிள்ளையைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தேன். பால், பெருமூச்சு, ஞானஸ்நானம். அரை மணி நேரம் கேட்டுவிட்டு அந்த அம்மா, "இப்ப நீங்க எந்தப் புள்ளைக்காக அழுவுறீங்க?" என்று கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். என் மகன் செத்த மூன்றாம் நாள் இன்னொரு பிள்ளையைக் கொண்டு வந்து கொடுத்தீர்கள். அவனைப் பசியாற்றுகிற வேலையில் நான் என் பிள்ளைக்கு அழவே இல்லை, கிறிஸ்டினா. ஏழு மாதம் கழித்து இப்போதுதான் அழுகிறேன். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வாரம் ஒருமுறை வந்து பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்த வருஷம் வேறொன்று வரும் என்று அத்தை சொன்னார்களாம். வேண்டாம் என்று சொல்லிவிடு.

ஷைனி


கும்மிடிப்பூண்டி,
13.7.2025

பிரியமான அண்ணிக்கு,

ஸ்தோத்திரம். ஸ்டேஷன் விஷயத்தைப் படித்ததிலிருந்து உங்களுக்காக ஜெபிக்கிறேன். தயவுசெய்து டாக்டரம்மா சொல்கிறபடி கேளுங்கள். மருந்தை விடாதீர்கள்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். கேட்கிற முகம் எனக்கு இல்லை, ஆனாலும் கேட்கிறேன். எனக்குப் பிரசவ லீவும் முடிந்தது, அதற்குமேல் போட்ட லீவும் முடிந்தது. ஆகஸ்ட் முதல் வாரம் கம்பெனிக்குத் திரும்பாவிட்டால் வேறு ஆளை லைனில் நிறுத்திவிடுவார்கள். அம்மாவுக்குச் சர்க்கரையில் கால் புண்ணாகி நடமாட்டம் இல்லை. பிள்ளையை யாரிடம் விடுவது? நீங்கள் வந்துவிடுங்கள் அண்ணி. உங்கள் வீடுதானே. நாள் முழுக்க உங்களிடம்தான் இருப்பான். உங்களுக்கும் மனசுக்கு ஆறுதலாக இருக்கும். அம்மாவும் சரி என்றுவிட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்களை அனுப்பச் சொன்னது அம்மா இல்லை. நான்தான். ராத்திரி பகல் என்னிடம் கத்துவான், உங்கள் குரல் கேட்டால் அடங்கிவிடுவான். என் மடியிலிருந்து உங்கள் பக்கம் தலையைத் திருப்புவான். பெற்றவள் நானா இல்லையா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவேன். நீங்கள் பேரை மாற்றிக் கூப்பிட்டதை அம்மா சொன்னதும், அதையே சாக்காக வைத்து அனுப்பச் சொன்னேன். என்னை மன்னியுங்கள்.

வருவீர்கள்தானே?

கிறிஸ்டினா


கடம்பத்தூர்,
24.7.2025

கிறிஸ்டினாவுக்கு,

ஸ்தோத்திரம். மருந்து சாப்பிடுகிறேன். தூக்கம் வருகிறது.

உண்மையைச் சொன்னதற்கு நன்றி. நீ தண்ணீரைத் திறந்துவிட்டு அழுததை அப்போதே வந்து சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருக்கலாம். பிள்ளை செத்தவளும் பிள்ளை இருக்கிறவளும் ஒரே வீட்டில் தனித்தனியாக அழுதிருக்கிறோம்.

போன சனிக்கிழமை நான் கும்மிடிப்பூண்டிக்கு வந்தேன். உங்கள் வீட்டுக்கு வரவில்லை. பேசின் பிரிட்ஜில் ரயில் மாறி வந்து, நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். பிள்ளையை அப்பாவுக்குப் பக்கத்திலேயே வைத்தேன், என் கையாலேயே மண் போட்டேன் என்று உன் அண்ணன் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அதைக் கேட்டு, மாமாவாவது துணைக்கு இருக்கிறார் என்று ஆறுதல்பட்டவள் நான். மாமாவின் கல்லறைக்கு இரண்டு பக்கமும் வேறு ஆட்களின் சிமெண்ட் கட்டைகள். நடுவில் கை வைக்க இடமில்லை.

புல் வெட்டிக்கொண்டிருந்தவரைக் கேட்டேன். "பேரு இன்னாம்மா?" என்றார். தானியேல் என்றேன். "தானியேலுன்னா அந்தப் பெரியவரு ஒருத்தருதான் கீறாரு. சின்னப் புள்ளைங்கள செவுத்தோரமா வெப்பாங்க, பேருலாம் எழுத மாட்டாங்க" என்றார். சுவரோரம் போய்ப் பார்த்தேன். புல்லுக்கு நடுவே நாலு சின்ன மேடுகள். எதன் முன்னால் நிற்பது என்று தெரியாமல் வெயிலில் இங்கும் அங்கும் நடந்துவிட்டு ரயிலேறிவிட்டேன்.

உன் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வர மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. கோபமும் இருக்கிறது, அது வேறு. நாள் முழுக்க என் மகன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு இன்னொரு பிள்ளைக்குச் சோறூட்ட என்னால் முடியாது. கொடுத்த பால் போதும். அவன் நன்றாக வளரட்டும், அவன்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

எனக்கு ஒரே ஓர் உதவி செய். நாலில் எது என் மகன் என்று உன் அண்ணனைக் கேட்டு எழுது. நான் கேட்டால் செருப்பைப் பார்ப்பார்.

ஷைனி


கும்மிடிப்பூண்டி,
6.8.2025

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. சுகமா என்று கேட்டு எழுத இன்று கை வரவில்லை.

அண்ணனைக் கேட்டேன். செருப்பைப் பார்த்துக்கொண்டே, "நான் போவல கிறிஸ்டி. துணியில சுத்திக் குடுத்தாங்க, என்னால அத்தத் தூக்கிக்கினு நடக்க முடியல. உன் ஊட்டுக்காரரு சாலமோன் கையில குடுத்துட்டு ஆஸ்பத்திரி வாசல்லியே குந்திக்கினேன். அவகிட்ட எப்பிடிச் சொல்றது?" என்றார். அப்பா செத்தபோதுகூட அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "செவுத்தோரமா வெச்சோம். அன்னிக்கி மழை ஊத்திக்கினு இருந்துச்சி. அடையாளம் எதும் வெக்கல. ஒன்பது மாசம் கழிச்சி எந்த எடம்னு கேட்டா நான் இன்னா சொல்லட்டும்?" என்றார்.

அதன் பிறகு நானே போனேன். புல்லை முழுக்க வெட்டிவிட்டார்கள், அண்ணி. நாலு இல்லை. ஆறு மேடு இருக்கிறது.

வீட்டுக்குத் திரும்பினேன். அம்மா பிள்ளையை என் கையில் கொடுத்து, "தானியேலு, அம்மா வந்துட்டா பாரு" என்றார்கள். வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து மூன்று நாளாக அந்தப் பேரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செல்லம் என்கிறேன், ராஜா என்கிறேன், டேய் என்கிறேன். அவன் திரும்புவதில்லை. அம்மா அந்தப் பேர் சொன்னால்தான் திரும்பிப் பார்க்கிறான்.

கிறிஸ்டினா